நாகூர் தனிக் கணக்கு அல்ல

2011 கணக்கெடுப்பின்படி நாகப்பட்டினத்தில் 1,02,905 பேர், இதில் நாகூர் சேரவில்லை, அதையும் கூட்டினால்தான் உண்மையான தொகை என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அன்புடன் ஒரு திருத்தம்: அந்த எண்ணிக்கையிலேயே நாகூர் அடக்கம்.

தர்கா, கடைத்தெரு, தனி ரயில் நிலையம் என்று எல்லாம் இருப்பதால் நாகூரைத் தனி ஊராக நினைப்பது இயல்புதான். மக்கள் மனதில் அது தனி ஊரேதான். ஆனால் கணக்கெடுப்பு நிர்வாக எல்லையை வைத்தே எண்ணுகிறது. நாகூர், நாகப்பட்டினம் நகராட்சியின் வார்டுகளுக்குள் வருகிறது. மறுபடி கூட்டினால் அதே மக்களை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். (வேளாங்கண்ணி அப்படியல்ல, அது தனிப் பேரூராட்சி.)

சரிபார்ப்பது எளிது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் நாகப்பட்டினம் மாவட்டக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நகரங்கள் பட்டியலைப் பாருங்கள், நாகூர் என்ற பெயர் அதில் தனியாக இருக்காது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், நாகூரில் வசிக்கும் நண்பர் யாரிடமாவது அவர் வீட்டு வரி ரசீதில் எந்த நகராட்சியின் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். பகிர்ந்தவர்கள் பதிவைத் திருத்திவிட்டால் நல்லது.