மே மாதத்தில் எங்கள் கடற்கரைக்கு வராதீர்கள்

எங்கள் பங்கு (ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்கள்) இளையோர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கல்லூரித் தேர்வு முடிந்ததும் மே மாதம் ராமநாதபுரம் கடற்கரைக்கு நான்கு நாள் மிஷன் டிரிப், அதாவது ஊழியத்துக்கும் உதவிக்கும் போகிற பணிப்பயணம், போகலாமா என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள். மனசில் கள்ளம் இல்லாமல்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குக் குழுவில் இரண்டு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் அந்தக் கடற்கரையில் பிறந்தவள். பாம்பன் பக்கம். அப்பா கூலிக்குப் பதில் பிடிபடுவதில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு விசைப்படகில் கடலுக்குப் போனவர், அம்மா கடல்பாசி எடுப்பவள். இன்று மதுரையில் ஒரு பங்கில் இருந்துகொண்டு இளையோரைக் கூட்டிப் போகிறேன். போகிற பக்கமும் தெரியும், வந்தவர்களுக்குப் பாய் விரித்த பக்கமும் தெரியும்.

2003 மே மாதம், எனக்கு 12 வயது. ஒரு பெரிய ஊர்ப் பங்கிலிருந்து 32 பேர் வந்தார்கள். எந்தப் பங்கு என்று சொல்ல மாட்டேன், அவர்களில் பலர் இன்றும் எனக்கு வேண்டியவர்கள். கோயில் மண்டபத்தில் தங்கினார்கள். எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், மாலையில் ஜெபக் கூட்டம், ஒரு நாள் மருத்துவ முகாம். அப்படி ஒரு கலகலப்பை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகள் ராத்திரி அவர்கள் தூங்கும் வரைக்கும் மண்டப வாசலிலேயே கிடந்தோம்.

அந்த நான்கு நாளும் என் அம்மாவும் இரண்டு சித்திமார்களும் விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுந்து ஊற்றுக்குப் போனார்கள். எங்கள் பக்கம் குடிநீர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். மணலில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி தோண்டியிருப்போம். அடியில் நல்ல தண்ணீர் மெல்லக் கசியும். சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு அள்ளினால் உப்பு ஏறிவிடும். வைகாசி வெயிலில் ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம்கூட ஆகும். வந்தவர்கள் 32 பேரும் காலையில் குளித்தார்கள், கடலில் குளித்துவிட்டு வந்து மாலையிலும் உப்புப் போகக் குளித்தார்கள். தொட்டி எப்போதும் நிறைந்திருந்தது. எப்படி நிறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. "புள்ளைக தூரத்துல இருந்து வந்துருக்காக" என்று மட்டும் அம்மா சொல்வாள்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கினால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். அப்போது 45 நாள், 2017இலிருந்து 61 நாளாகி ஜூன் 14 வரைக்கும் நீள்கிறது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம், தடை தேவைதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த நாட்களில் விசைப்படகுக்குப் போகிற வீட்டில் காசு வராது. இப்போது நிவாரணம் 8,000 ரூபாய் வரை வந்திருக்கிறது, இரண்டு மாதத்துக்கு. அன்று அதுவும் கிடையாது என்றே சொல்லும்படியான நிலை. அந்த வறண்ட நாளில்தான் 32 பேருக்கு நான்கு நாள் சோறு போட்டோம். அப்பா வட்டிக்கு வாங்கினார்.

யோசித்துப் பாருங்கள். கல்லூரி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. அதனால் பணிப்பயணங்களும் மே மாதத்தில் வருகின்றன. அதனால் வருகிறவர்கள் எல்லாருமே கட்டிக் கிடக்கிற படகையும் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிற ஆண்களையும் மட்டுமே பார்க்கிறார்கள். கடற்கரை மக்கள் சோம்பேறிகள், பகலில் சீட்டாடுகிறார்கள் என்று மதுரையில் படித்தவர்கள் பேச நான் காதால் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார்கள். வருஷத்தில் அவர்கள் வந்த வாரம் அப்படி.

அந்த 2003 பயணத்தின் கடைசி நாள் அனுபவப் பகிர்வு. ஓர் அக்கா மைக்கைப் பிடித்து அழுதார். "இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க" என்றார். எங்களிடம் ஒன்றுமில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது வரைக்கும் எனக்கு ஒரு வீடு இருந்தது, கடல் இருந்தது, பாம்பன் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் புதுப்பாவாடை இருந்தது.

அடுத்த வருஷம் குழு வருவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு அந்தப் புதுப்பாவாடையக் கட்டாத ஆத்தா" என்றாள். போன முறை கிழிந்த சட்டை போட்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் நோட்டும் துணியும் கிடைத்திருந்தது, ஊர் அதைக் கவனித்து வைத்திருந்தது. எங்களை அப்படி நிற்கச் சொல்லி அவர்கள் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வந்ததால் நாங்கள் அதைக் கற்றுக்கொண்டோம். பணிப்பயணம் ஒரு ஊரை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பாவாடைதான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் நன்றி கெட்டவள். மைக்கைப் பிடித்து அழுத அதே அக்கா ஊருக்குப் போனபின் எனக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டார். நான் பதில் எழுதினேன். ஆறு வருஷம் எழுதிக்கொண்டே இருந்தார். பத்தாவதோடு நிறுத்த வீட்டில் பேச்சு வந்தபோது மதுரையில் விடுதியோடு பள்ளி பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அவர் சொல்லிக் கொடுத்த பாட்டு ஒன்றுகூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. கடிதங்கள் அத்தனையும் பெட்டியில் இருக்கின்றன.

2012இல்தான் தண்ணீர்க் கதையை அவரிடம் சொன்னேன். மதுரை டவுன்ஹால் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம், அப்படியே நின்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமை என்னோடு ஊருக்கு வந்தார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார், அம்மா விடவில்லை. "அதுக்கென்ன ஆத்தா, வீட்டுக்கு வந்த புள்ளைகளுக்குத் தண்ணி குடுக்காமலா?" மறுநாள் விடியுமுன் அம்மாவோடு ஊற்றில் இறங்கி ஒரு குடம் அவரே அள்ளினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதி உப்பு. அம்மா அதை வீட்டுக்குக் கொண்டு வந்து சோற்றுக்கு உலை வைத்தாள்.

எங்கள் கடற்கரைக்கு வெளியே இருந்து ஊழியம் வருவது புதிதில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் என்கிற ஐரோப்பிய மிஷனெரி வந்தபோதே முத்துக்குளித்துறையில், அதாவது முத்துக் குளிக்கிற இந்தத் தென்கரையில், திருமுழுக்குப் பெற்றவர்கள் இருந்தார்கள். அவர் செய்த முதல் வேலை, தமிழ் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து ஜெபங்களைத் தமிழாக்கி, அர்த்தம் முழுசாகப் பிடிபடாமலே மனப்பாடம் செய்தது. நாங்கள் பஸ்ஸில் தாண்டிப் போகிற வேதாளையில்தான் 1549இல் இத்தாலியக் குருவான கிரிமினாலி அடிகள் கொல்லப்பட்டார், சபை மக்களை விட்டு ஓடாமல் நின்றதற்காக. வடக்கே ஓரியூரில் 1693இல் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டார். லிஸ்பனில் பிறந்தவர், இங்கே வந்து காவி கட்டினார், புலால் விட்டார், பெயரையே மாற்றிக்கொண்டார். அந்தக் கால மிஷனெரிகள் செய்த எல்லாமே எனக்கு ஒப்புதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு நாளில் திரும்புகிற டிக்கெட் அவர்கள் கையில் இல்லை. இந்த மண்ணின் சோற்றையும் பேச்சையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்கள். ஏறக்குறைய 500 வருஷமாகக் கிறிஸ்தவம் தெரிந்த ஒரு கரைக்கு வந்து, இயேசு உன்னை நேசிக்கிறார் என்று புதுச்செய்தி போலச் சொல்கிறோமே, அந்த நேரத்தில் ஒரு பாட்டியிடம் போய் அவள் சொல்கிற பழைய ஜெபத்தைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு இருக்கிறது.

நானே செய்த தப்பையும் சொல்ல வேண்டும். 2016இல் முதன்முதலாக எங்கள் பங்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன், அதுவும் மே மாதத்தில். 'கடலைக் காப்போம்' என்று ஒரு வீதி நாடகம் தயாரித்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பாசி எடுக்கிற பெண்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டுக் கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிறவர்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்புத் தகட்டால் சுரண்டுவதில்லை, பாறையில் வேர் நின்றால்தான் திரும்ப வளரும் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அதற்காகவே பக்கத்துச் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015இல் தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீகாலஜி விருது வாங்கினார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அதனால் வனத்துறையோடு மல்லுக்கட்டிக்கொண்டே அந்தத் தொழிலைச் செய்கிறார்கள். அவர்களுக்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கடலைக் காக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். என் அம்மா கைதட்டினாள். அவள் கைதட்டியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகு மே மாதம் போவதை நிறுத்தினோம். தை மாதம், பொங்கல் விடுமுறையில் போகிறோம். அடைமழை முடிந்து ஊற்று நிறைந்திருக்கும். படகு ஓடும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாள் நாட்டுப்படகு, ஆகவே கரையில் எப்போதும் வேலை இருக்கும். ஏழெட்டுப் பேருக்கு மேல் கிடையாது. வீட்டுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு அந்த வீடு சொல்கிற காசு. முதலில் காசு வாங்க மறுத்தார்கள், கோபப்பட்டார்கள். அதைப் பேசித் தீர்க்கவே ஒரு வருஷம் ஆனது. போட்டோ எடுப்பதில்லை.

என்ன வேண்டும் என்று கேட்டபோது முதல் வருஷம் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். இரண்டாம் வருஷம் ஒரு சித்தி ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்து கொட்டினாள். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், நலவாரிய அட்டை. அந்தோணியம்மாள் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கு விதமாக இருந்தது. அதனாலேயே பணம் ஏறாமல் நிற்கிறது. எங்களோடு வந்த ஒரு பி.காம் பையன் கிடார் கொண்டு வந்திருந்தான். மூன்று நாளும் கிடாரைத் தொடாமல் மனு எழுதினான், பெண்களைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றான். ஒரு எழுத்து மாற எத்தனை முறை பஸ் ஏற வேண்டும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தது என்று செய்தி வந்தால் இப்போது அவன் எனக்கு முன்னால் ஊருக்குப் போன் போடுகிறான், யாருடைய படகு என்று கேட்டு.

அதிலும் ஒரு பிசகு நடந்தது. தெருவில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி இந்த மனுக்களை எல்லாம் தன் போனிலேயே போட்டுக் கொடுத்து ஆளுக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இலவசமாகச் செய்ததும் அவளிடம் யாரும் போகவில்லை. யாரும் எங்களிடம் சொல்லவும் இல்லை. அடுத்த தையில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோதுதான் விசாரித்தோம். இப்போது அவள்தான் உட்கார்ந்து மனு போடுகிறாள், காசும் அவளுக்கே. எங்கள் பிள்ளைகள் அவளுக்கு ஓடியாடி வேலை செய்கிறார்கள். நல்லது செய்கிறோம் என்கிற வேகத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பை எடுத்துவிட முடியும், அதற்கு மூன்று நாள் போதும்.

2019இல் அவர்களை மதுரைக்குக் கூப்பிட்டோம். 14 பேர் வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு சித்தி பாசி எடுப்பது பற்றிப் பேசினாள், கையை விரித்து விரலில் இருந்த வெட்டுக் காயங்களைக் காட்டினாள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, உங்களுக்கு நாங்கள் என்ன உதவி செய்யட்டும் என்று அன்போடு கேட்டார். "நாங்க கேக்க வரல சாமி, உங்க ஊரைப் பாக்க வந்தோம்" என்றாள். அன்று மத்தியானம் அவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துச் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். எங்கள் பங்கில் எனக்கு மிகப் பிடித்த நாள் அது.

ஆகவே பிள்ளைகளே, போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மே மாதம் வேண்டாம், 30 பேர் வேண்டாம். ஒரு தடவை மட்டும் வருவதாக இருந்தாலும் வேண்டாம், குறைந்தது மூன்று வருஷம் வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். முதல் வருஷம் உங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது. அந்த வீட்டில் சாப்பிடுவதும் அவர்கள் பேசுவதைக் கேட்பதும்தான். அது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், சும்மா இருக்கிறோமே என்று தவிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து பங்கு மன்றத்தில் கூட்டம் வைத்திருக்கிறோம். அம்மா சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறாள், அவள்தான் பேசப் போகிறாள். மைக் பிடித்துப் பேச அவளுக்கு வராது, குரலும் தாழ்ந்துதான் இருக்கும். முன்வரிசையில் வந்து உட்காருங்கள்.