படிக்கக் காசு உண்டு, ஷிப்ட் பார்க்க ஆள் இல்லை

பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். தட்டில் வலப்பக்கம் இருந்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா, பசிக்குதே" என்கிறார். இடப்பக்கச் சாப்பாடு தொடாமல் கிடக்கிறது. வார்டில் சப்போர்ட் வொர்க்கராக, அதாவது பட்டம் இல்லாத உதவிப் பணியாளராக, இருந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார். மிச்சமும் காலி.

பார்வையில் கோளாறு இல்லாவிட்டாலும், மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் இப்படி இடப்பக்கமே கணக்கில் வராமல் போகும். நோயாளி அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி; நான் இதை அந்த வகுப்பில் படித்தேன். அக்கா சாப்பாடு பரிமாறியே தெரிந்துகொண்டார்.

அந்த அக்கா தெரபிஸ்ட் ஆக முடியுமா என்றால், இங்கிலாந்தில் காகிதத்தில் தாராளமாக முடியும். பேண்ட் என்பது அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் சம்பளப் படி. பேண்ட் 2-இல் சேர்ந்தவர் பேண்ட் 3, அசிஸ்டென்ட் பிராக்டிஷனராக பேண்ட் 4 என்று ஏறலாம். டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் கிடைத்தால் சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் படிக்கலாம், கட்டணம் கைக்காசு இல்லை. முடித்து, இந்தத் தொழில்களுக்கான பதிவு அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிந்தால் பேண்ட் 5. பிசியோ, டயட்டீஷியன், ரேடியோகிராபர் என்று பல துறைகளுக்கும் இந்த வழி உண்டு. நுழையும்போதே ஆங்கிலம், கணக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளியை விட்டு இருபது வருடம் ஆனவருக்கு அதுவே ஒரு மலைதான், ஆனால் ஏறிவிடலாம்.

ஏற முடியாதது ரோட்டா, யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை.

2017 ஏப்ரலிலிருந்து, ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அப்ரெண்டிஸ்ஷிப் லெவி என்ற பயிற்சி வரி கட்டுகின்றன. மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். டிரஸ்ட்களும் கட்டுகின்றன. அந்தப் பணத்தைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் மட்டுமே எடுக்கலாம். படிக்கப் போகிறவரின் சம்பளத்துக்கோ, அவர் இடத்தில் நிற்கப்போகிறவரின் சம்பளத்துக்கோ அதில் ஒரு பென்னி தொட முடியாது. அக்கா கல்லூரிக்குப் போகும் நாளெல்லாம் வார்டில் ஒரு ஆள் குறைவு. மேனேஜரைக் கெட்டவராக்க எனக்கு மனமில்லை. நானும் ரோட்டா போட்டிருக்கிறேன், ஒருவர் லீவு கேட்டாலே வயிற்றைக் கலக்கும். மேனேஜர் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அப்படி மூன்று அடுத்த வருஷம் போய்விட்டது.

"அப்படியானால் அனுபவத்தை வைத்தே பட்டம் கொடுத்துவிடலாமா?" என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். கூடாது. தட்டைத் திருப்பத் தெரிவது வேறு. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனால் தனியாக அடுப்பைப் பற்றவைப்பாரா, இடப்பக்கம் எரிகிற பர்னரை அணைக்காமல் விட்டுவிடுவாரா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது வேறு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பது சரியான விதி. படிக்கட்டும், முழுதாகப் படிக்கட்டும். அவர் போகிற நாளில் வார்டில் நிற்க ஓர் ஆளுக்கும் அந்த லெவியிலிருந்தே எடுக்க விடுங்கள் என்பதுதான் என் கட்சி.

நான் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் முழுநேரமாகப் படித்தவள். வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தது, அதனால் முடிந்தது. அக்கா வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான்.

போன மாதம் பிளேஸ்மென்ட்டுக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வந்த மாணவி, பக்கவாத நோயாளியை எந்தப் பக்கம் நின்று எழுப்புவது என்று தடுமாறினாள். செய்து காட்டியது அக்கா. மாணவியின் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்.