தெருமுனையில் நிற்கும் வண்டியை முதலில் எடுங்கள்

சிறிய நகரம் எதுவானாலும், சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு புகார்கள் கட்டாயம் வரும். வண்டிகள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன என்பது ஒன்று. வண்டி நிறுத்த இடமே இல்லை என்பது இன்னொன்று. முதல் புகாரைக் காவல்துறையிடம் கொடுக்கிறோம், இரண்டாவதை நகர நிர்வாகத்திடம் கொடுக்கிறோம். இரண்டு அலுவலகங்களும் இரண்டு கோப்புகளைத் திறக்கின்றன. இந்தப் பிரிவினையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். சின்ன ஊரில் வேகமும் பார்க்கிங்கும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. அந்த இடம் தெருமுனை.

ஒரு முனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஜீப்ரா கோட்டை ஒட்டி ஒரு வேன் நிற்கிறது. ஓட்டுநர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார், அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் சாலையைக் கடக்க வருகிறார். வேனைத் தாண்டி எட்டிப் பார்த்தால்தான் வண்டி வருகிறதா என்று தெரியும். எட்டிப் பார்க்க இரண்டடி முன்னே வர வேண்டும். அப்போது சாலைக்குள் முதலில் நுழைவது எது? தள்ளுவண்டியின் முன்சக்கரம். அதாவது குழந்தை முதலில், தாயின் கண் அப்புறம். வருகிற காரை ஓட்டுபவருக்கும் அந்த வேன் ஒரு சுவர்தான். இருவருமே கவனமாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை. பிறகு விபத்து நடந்தால் 'கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். எனக்கு ஆத்திரம் வருவதே அந்த ஒரு சொல்லில்தான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் சாலை விதிப்படி சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. ஜெர்மனியில் அது 5 மீட்டர். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பாதசாரிக் கடவையிலிருந்து 25 அடி. தூரம்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது, விதி இருக்கிறது. கேள்வி என்னவென்றால், விதி எழுதப்பட்ட இடத்தில் வண்டி நுழைய முடிகிறதா, முடியவில்லையா?

நியூஜெர்சியிலேயே ஹோபோகன் என்று ஒரு குட்டி நகரம் இருக்கிறது. ஒரு சதுர மைலைச் சற்றே தாண்டும் பரப்பில் சுமார் 60,000 பேர். பார்க்கிங் நெருக்கடிக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே என்ன செய்தார்கள் என்றால், ஒரு தெருவுக்குப் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் முனைகளைக் காலி செய்து, வண்டி ஏறாதபடி கம்பங்கள் நட்டார்கள். சில முனைகளில் சைக்கிள் நிறுத்தும் கம்பிகள், சிலவற்றில் மழைநீர் இறங்கும் சிறு தோட்டம். எல்லாமே பார்வையை மறைக்காத உயரம். நடப்பவர்களுக்கு சிக்னல் சில விநாடிகள் முன்னதாகவே பச்சை காட்டும்படி மாற்றினார்கள். 2022இல் நகரம் முழுக்க வேக வரம்பை மணிக்கு 20 மைலாக, அதாவது ஏறக்குறைய 32 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத்தின் சாலைகளில் ஒருவர்கூட விபத்தில் சாகவில்லை. 25 அடி விதி அதற்கு முன்பும் இருந்ததுதான். கம்பம் நட்ட பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல் போகும். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி. காய்ந்த சாலை என்றால் மொத்தம் 13 மீட்டர் அளவில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் போகும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். முதல் கார் நின்ற இடத்தைத் தாண்டிய பிறகுதான் இரண்டாவது காரின் பிரேக்கே பிடிக்கத் தொடங்குகிறது. வேகத்தடை வேண்டாம், முதுகு வலிக்கிறது என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வேகத்தடை பிடிக்கவில்லையா, சரி, சாலையைக் குறுக்குங்கள், முனையில் நடைபாதையை வெளியே நீட்டுங்கள். அகலமான சாலையில் 'மெதுவாகச் செல்லவும்' என்று போர்டு வைத்துவிட்டு மக்களைக் குறை சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

இனி இடம் இல்லை என்ற புகாருக்கு வருவோம். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர், அதாவது காசு போட்டு வண்டி நிறுத்தும் நேரத்தை வாங்கும் கருவி, 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் வைக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? கடைவீதியில் வேலை செய்பவர்களே காலையில் வண்டியை நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுத்தார்கள், வாங்க வந்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் நிலைமை அப்படியேதான். கடைவீதி எதிலாவது காலை பத்து மணிக்கு நிற்கும் வண்டிகளைக் கவனித்துவிட்டு மாலை நான்கு மணிக்குத் திரும்ப வாருங்கள். பாதி அசைந்திருக்காது.

இதையே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டொனால்டு ஷூப். 2025இல்தான் மறைந்தார். தெருவோர இடங்களில் 85 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும், எப்போதும் ஓரிரு இடம் காலியாக இருக்க வேண்டும், அந்த அளவுக்குக் கட்டணத்தை ஏற்றி இறக்குங்கள் என்றார். அந்த ஓரிரு இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? அது இல்லாவிட்டால் வண்டிகள் இடம் தேடிச் சுற்றுகின்றன. அப்படிச் சுற்றுபவரின் கண் சாலையில் இருப்பதில்லை, ஓரத்தில் இருக்கிறது. கடைசியில் அலுத்துப்போய் எங்கே நிறுத்துகிறார்? தெருமுனையில். பார்க்கிங் நிர்வாகம் தவறினால் பாதுகாப்பு தவறுவது இப்படித்தான்.

கட்டணம் என்றால் உடனே கோபம் வரும், நியாயம்தான். வசூலான பணம் எங்கே போகிறது என்று தெரியாதபோது யாருக்குத்தான் கோபம் வராது? கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்துப் பழைய கடைவீதியில் 1993இல் மீட்டர் வைத்தபோது, அந்த வருமானத்தை அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவிடுவோம் என்று சொல்லித்தான் கடைக்காரர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். கட்டணமே வேண்டாம் என்றால் நேர வரம்பாவது வையுங்கள். சரக்கு இறக்கும் வண்டிக்கு ஒவ்வொரு தெருவிலும் ஓர் இடம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அவர் நடுச்சாலையில்தான் நிறுத்துவார். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் மட்டும் பேரமே கூடாது.

இன்னும் துணிச்சலான வழியும் உண்டு. ஸ்பெயினின் பொன்டெவெட்ரா நகரத்தில் சுமார் 80,000 பேர் வாழ்கிறார்கள். 1999இல் மேயரான மருத்துவர் மிகேல் ஃபெர்னாண்டஸ் லோரஸ் நகர மையத்தில் தெருவோரப் பார்க்கிங்கையே எடுத்துவிட்டார். சரக்கு இறக்கவும் ஆட்களை ஏற்றி இறக்கவும் வண்டிகள் வரலாம், நின்று தூங்கத்தான் தடை. நகர விளிம்பில் இலவச நிறுத்துமிடங்கள். அங்கிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரி ஒன்று வரைந்து ஊரெங்கும் வைத்தார்கள். ஓட்டுப் போய்விடும் என்று பயப்படுகிற கவுன்சிலர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: அவர் அதன்பிறகு வந்த தேர்தல்களைத் தாண்டியும் மேயராகத் தொடர்ந்தார். எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பேருந்து வசதி மோசமாக இருக்கும் ஊரில் மையத்தை மூடினால் வயதானவர்களுக்குத்தான் சிரமம்.

ஆனால் முனையைக் காலி செய்வதற்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. போவது முனைக்கு ஓரிரு கார் இடம். அந்த இடமும் பெரும்பாலான ஊர்களில் சட்டப்படி ஏற்கெனவே பார்க்கிங் இடமே கிடையாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் பக்கத்து முனைகளில் பெயின்டும் வளையும் கம்பங்களும் வைத்துத் தொடங்கலாம், சரிவராவிட்டால் நகர்த்திக்கொள்ளலாம். கான்கிரீட் அப்புறம்.

உங்கள் தெருவுக்குத் தார் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், கோடு போடும் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முனையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி முதல் பார்க்கிங் கோடு தொடங்குகிறது என்பது அதில் இருக்கும். ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். பெயின்ட் காய்ந்துவிட்டால் அதை மாற்ற வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.