முறைப்பது கண்ணல்ல, வெறும் புள்ளி

"பெரிய கண்களால் முறைக்கும் இந்த வண்டுக்குக் கொடிய விஷம். 'டிக்' என்று சத்தம் போட்டால் கொட்டப்போகிறது, உடனே நசுக்குங்கள்" என்று ஒரு படம் சுற்றுகிறது. அத்தனையும் தவறு.

அது அமெரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளில் வாழும் ஒரு கிளிக் வண்டு. 1758-லேயே ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த இனம். அறிவியல் பெயர் அலாஸ் ஓகுலேட்டஸ். முறைப்பவை தலையை அடுத்துள்ள முன்மார்பின் மேலுள்ள, வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள். எதிரிகளை மிரட்டும் வேஷம் என்றே கருதப்படுகிறது. நிஜக் கண்கள் சிறியவை, உணர்கொம்புகளின் அருகே இருப்பவை. கொடுக்கும் கிடையாது, விஷமும் கிடையாது.

சத்தம்? மார்பின் அடியிலுள்ள முள் ஒரு குழிக்குள் சட்டென்று இறங்கும்போது எழுவது. மல்லாந்து விழுந்த வண்டு அந்த விசையில்தான் எகிறிப் புரளும். பிடித்தாலும் இதே வித்தைதான். இதன் புழுக்களோ உளுத்த மரத்துக்குள் மற்ற வண்டுகளின் புழுக்களைத் தின்பவை. இதைப் போய் நசுக்கச் சொல்கிறார்கள்!