யாருக்கு இந்த மாத்திரை?

"ஜப்பான் கண்டுபிடித்த அதிசயப் புற்றுநோய் மாத்திரை, இனி கீமோவே தேவையில்லை" என்ற வாட்ஸ்அப் செய்தி இந்த வாரம் மூன்று குழுக்களில் எனக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. வீட்டில் ஒருவர் நான்காம் நிலைப் புற்றுநோயோடு படுத்திருக்கும்போது எந்தக் கதவையும் தட்டிப் பார்க்கத்தான் தோன்றும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக ஜப்பானின் சிபா மாநிலத்தில் குடியிருப்பவன் என்ற முறையில், அந்த "மாத்திரை" இங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் மருத்துவன் அல்லன். அக்கம்பக்கத்திலும் அலுவலகத்திலும் பார்த்ததையும், அதன் பிறகு விடாமல் படித்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

அந்த மாத்திரையின் பெயர் ஜெஃபிட்டினிப், வணிகப் பெயர் இரெஸ்ஸா. அஸ்ட்ராஜெனெகா நிறுவனத்தின் நுரையீரல் புற்றுநோய் மருந்து. 2002 ஜூலை 5 அன்று உலகிலேயே முதல் நாடாக ஜப்பான் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. விண்ணப்பம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊசி இல்லை, முடி கொட்டாது, வீட்டிலிருந்தபடியே தினம் ஒரு மாத்திரை என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. சில நோயாளிகளுக்குக் கட்டி உண்மையிலேயே சில வாரங்களில் சுருங்கியது. வேறு சிலருக்கு இடைத்திசு நுரையீரல் அழற்சி வந்தது. மூச்சுப்பைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய திசு வீங்கி இறுகி, ஆக்சிஜன் உள்ளே இறங்காமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். அக்டோபர் 15 அன்று அவசர எச்சரிக்கை வெளியானது. 2011 வாக்கில், இந்தப் பக்கவிளைவோடு தொடர்புடையதாக ஜப்பானில் பதிவான இறப்புகள் எண்ணூறைத் தாண்டியிருந்தன. குடும்பத்தினர் அரசையும் நிறுவனத்தையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்களில் ஓரளவு வென்றாலும், 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனார்கள்.

ஒரே மாத்திரை ஒருவரை எழுப்பி நடக்கவைத்ததும் இன்னொருவரைச் சாய்த்ததும் ஏன் என்பதற்கு 2002இல் யாரிடமும் தெளிவான விடை இல்லை. குறிப்பு மட்டும் இருந்தது: ஒப்புதலுக்கு முன் நடந்த ஓர் ஆய்வில் ஜப்பானிய நோயாளிகளில் 27.5 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியிருந்தது, மற்றவர்களில் 10.4 சதவீதத்தினருக்குத்தான். காரணம் 2004இல் தெரிந்தது. கட்டியின் செல்களில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால்தான் இந்த மருந்து பிடிக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் பரவலாகக் காணப்படும் அடினோகார்சினோமா என்ற வகையில், ஜப்பானியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த மாற்றம் உண்டு. ஐரோப்பிய வழியினரில் பத்தில் ஒருவர், சற்று மிஞ்சினால் அதற்கு மேல் கொஞ்சம். புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் அது கூடுதலாகக் காணப்படுகிறது.

என்னை இன்றும் உறுத்துவது இந்த இடம்தான். நுரையீரல் அழற்சி யாரை அதிகம் தாக்கியது என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோது, புகைபிடித்தவர்கள், ஏற்கெனவே நுரையீரல் இடைத்திசு கெட்டிருந்தவர்கள், உடல் மிகவும் தளர்ந்திருந்தவர்கள் என்று தெரிந்தது. அதுவும் முதல் நான்கு வாரங்களில்தான் ஆபத்து மிகுதி. மரபணு மாற்றம் புகைபிடித்தவர்களிடம் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பலன் கிடைக்க வாய்ப்பு குறைந்தவர்களில் பலர்தான் ஆபத்தை அதிகமாகச் சுமந்திருக்கிறார்கள். "வேறு வழியில்லை, இதையாவது கொடுத்துப் பார்ப்போம்" என்ற இரக்கம் அவர்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது.

2010இல் ஜப்பானிய மருத்துவர்கள் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்தவை அவை. ஒன்றில், நோய் மீண்டும் வளரத் தொடங்கும்வரையிலான இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு இதைவிட அதிகம்) கீமோவில் 5.4 மாதங்கள், ஜெஃபிட்டினிப்பில் 10.8 மாதங்கள். மருந்து பழைய மருந்துதான். யாருக்குக் கொடுப்பது என்பதுதான் மாறியிருந்தது.

எங்கள் மாடியில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாட்டிக்கு எழுபத்தைந்து வயது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. நுரையீரல் புற்றுநோய் எலும்புவரை பரவிய பிறகுதான் தெரிந்தது. பயாப்சியில் எடுத்த திசுவை முதலிலேயே மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்த பின்னர் இந்த வகையில் அடுத்த தலைமுறை மருந்தான ஓசிமெர்ட்டினிப்பைத் தொடங்கினார்கள். மூன்றாம் ஆண்டு நடக்கிறது. தினமும் காலையில் உடல்வெப்பத்தையும் விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவையும் சிறிய நோட்டில் எழுதுகிறார். வறட்டு இருமல் வந்தாலோ, படியேறும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்று மருத்துவமனை கொடுத்த அட்டையில் முதல் வரியாக அச்சிட்டிருக்கிறார்கள். அவருக்குப் பெரிய தொல்லை நகச்சுற்றுதான். இரண்டு கட்டைவிரல்களிலும் நகத்தை ஒட்டிய சதை சிவந்து வீங்கியிருக்க, நகம் அதில் குத்தாதபடி சதையைச் சற்று விலக்கி, ஒட்டுத் துணியைச் சாய்வாகச் சுற்றி ஒட்டிக்கொள்கிறார். "அரிசி களையும்போது மட்டும் எரிகிறது" என்றார். நான்காம் நிலை நோயாளி அரிசி களைகிறார் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

முதலில் பரிசோதனை, பிறகு மருந்து என்ற இந்தப் பாதை நுரையீரல் புற்றுநோயில் நன்றாக நீண்டிருக்கிறது. ஏ.எல்.கே. மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு புற்றுநோயை உண்டாக்குவதை ஹிரோயுகி மானோ குழுவினர் 2007இல் ஜப்பானில்தான் கண்டறிந்தார்கள். அதற்கான அலெக்டினிப் மாத்திரை ஜப்பானின் சுகாய் நிறுவனத்தில் உருவாகி, 2014இல் இங்கேயே முதலில் ஒப்புதல் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் இதன் அளவு வேளைக்கு 300 மில்லிகிராம், அமெரிக்காவில் 600. உடல் எடையால் வந்த வித்தியாசம் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில், ஜப்பானில் நடந்த தொடக்க ஆய்வில் அளவை 300க்கு மேல் ஏற்றாததற்குக் காரணம், மாத்திரையில் சேர்க்கும் துணைப்பொருளுக்கு ஜப்பானில் இருந்த பாதுகாப்பு வரம்பு. இணையத்தில் படித்த அளவை இன்னொரு நாட்டு நோயாளிக்குச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இரைப்பைப் புற்றுநோய்க்கும் இப்படியொரு மருந்து வந்திருக்கிறது. டாய்ச்சி சாங்கியோ நிறுவனத்தின் என்ஹெர்ட்டு, ஹெர்2 புரதம் மிகுந்த கட்டியைத் தேடிச் சென்று கீமோ மருந்தை அங்கேயே இறக்குகிறது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், முந்தைய சிகிச்சைகள் பலனளிக்காதவர்களின் இடைநிலை ஆயுள் 8.4 மாதங்களிலிருந்து 12.5 மாதங்களாக உயர்ந்தது. இதிலும் நுரையீரல் அழற்சி வரும், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். ஆனால் ஹெர்2 பார்க்காமல் யாரும் இதைத் தொடங்குவதில்லை.

இத்தனையும் கற்ற நாடு மற்றப் புற்றுநோய்களில் ஏன் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளியது என்பதுதான் என் கேள்வி. ஒரே முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களைப் பார்க்கும் பேனல் பரிசோதனை 2019 ஜூனில் தேசியக் காப்பீட்டுக்குள் வந்தது. அப்போது கட்டணம் 5,60,000 யென். அப்போது விதித்த நிபந்தனை என்னவென்றால், வழக்கமான சிகிச்சைகளை முடித்தவர்கள், முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள், அல்லது அரிய வகைப் புற்றுநோய் போல வழக்கமான சிகிச்சையே இல்லாதவர்கள் மட்டுமே இதைச் செய்துகொள்ளலாம். செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் அதன்படி ஒரு மருந்தைப் பெறுகிறார். "பத்தில் ஒருவருக்குத்தானே பயன்" என்று இந்த எண்ணைப் பரிசோதனைக்கு எதிராகக் காட்டுகிறார்கள். கடைசியில் செய்தால் எண் வேறு எப்படி வரும்?

என் அலுவலக நண்பரின் தந்தைக்குப் பித்தநாளத்தில் புற்றுநோய். இரண்டு வகைக் கீமோக்களும் கைவிட்ட பிறகே பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிபுணர் குழு கூடி அறிக்கை தர ஐந்து வாரங்கள் ஆயின. அறிக்கையில் ஒரு மரபணு மாற்றமும், அதற்கு நேரே ஒரு சோதனை மருந்தும் இருந்தன. அந்த ஆய்வில் சேர, நோயாளி தானாக எழுந்து நடமாடக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் படுக்கையை விட்டு எழாமல் எட்டு நாட்கள் ஆகியிருந்தன.

செலவு என்பார்கள். கவலை நியாயமானதுதான், மாத வருமானத்துக்கேற்ப நோயாளி கட்டும் தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் நாடு இது. அந்த வரம்பை உயர்த்த முயன்ற அரசு, நோயாளிகளின் எதிர்ப்பால் 2025 மார்ச்சில் அதை நிறுத்தி வைத்தது. ஆனால் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் புற்றுநோய் மருந்தான நிவோலுமாப் 2014இல் இங்கே வந்தபோது 100 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 7,29,849 யென். நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியதும் 2017 பிப்ரவரியில் அதைப் பாதியாகக் குறைக்க அரசால் முடிந்தது. அன்று ஒரு குப்பி மருந்துக்கு யோசிக்காமல் கொடுத்த தொகையில் ஒரு பேனல் பரிசோதனையைச் செய்துவிட்டு மீதமும் வைத்திருக்கலாம். முற்றிய நிலை என்று தெரிந்த அன்றே, கீமோவின் முதல் சுற்றுக்கு முன்பாக, எல்லாப் புற்றுநோய்களுக்கும் அதைச் செய்யட்டும்.

பாட்டிக்கு அடுத்த ஸ்கேன் வியாழக்கிழமை. நோய் மறுபடி வளர்ந்திருந்தால் புதிதாக பயாப்சி எடுத்து, கட்டி இப்போது எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த மருந்தைப் பேசுவோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.