'எல்லாம்' என்று வந்தாலே தவறான விடையா?

"எல்லாம், ஒருபோதும் என்று வந்தால் அந்த விடையை யோசிக்காமல் நீக்கிவிடு" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கிளாட் (சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதப்போகும் பிள்ளைகள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம். காவேரிப்பட்டணத்தில் என்னிடம் படிக்கும் பெண் இதனாலேயே சரியான விடைகளை நீக்கிக்கொண்டிருந்தாள்.

கேள்விக்கு மேலே தரும் பத்தியில் 'தோப்பில் ஒரு மாமரம்கூடக் காய்க்கவில்லை' என்றிருந்தால், 'எந்த மாமரமும் காய்க்கவில்லை' என்பதுதான் விடை. 'பூச்சியால் சில மரங்கள் காய்க்காமல் போயிருக்கலாம்' என்பது நிதானமான விடையாகத் தெரியும். ஆனால் பூச்சி என்ற பேச்சே பத்தியில் இல்லையே! எந்த வரி ஆதாரம் என்று விரல் வைத்துப் பாருங்கள். வரி இல்லையென்றால் நீக்குங்கள்.

அப்புறம், தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் போகும். நான்கில் இரண்டை உறுதியாக நீக்கியிருந்தால், மீதியில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம்.