கேத்கின் பார்க் வீட்டு மனையாகவில்லை

'1967-இல் ஸ்காட்லாந்தின் தேர்டு லானார்க் கால்பந்து கிளப் மூடப்பட்டதும், 1872 முதல் அது ஆடிய கிளாஸ்கோ மைதானத்தை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள்' என்று பரவும் தகவல் தவறு.

கேத்கின் பார்க் என்ற பெயரில் இருந்தவை இரண்டு மைதானங்கள். குழப்பம் இங்கேதான். முதலாவதை 1903-இல் கிளப்பே விட்டு வெளியேறியது. பிறகு குடியேறியது, குயின்ஸ் பார்க் என்ற வேறொரு கிளப் 1884 முதல் ஆடிவந்த இரண்டாம் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில். அதற்கும் பழைய பெயரையே சூட்டினார்கள். 1904-இல் தேர்டு லானார்க் ஸ்காட்லாந்து லீக் பட்டம் வென்றது இந்தப் புது இடத்தில் ஆடிய முதல் பருவத்தில்தான்.

இந்த இரண்டாவது மைதானம் இன்று பொதுப் பூங்கா. பார்வையாளர் அமர்ந்த பிரதான ஸ்டாண்ட் போய்விட்டது. மூன்று பக்கங்களில் ரசிகர்கள் நின்று பார்த்த படிமேடைகளும், நெரிசலைத் தாங்க நட்ட இரும்புத் தடுப்புகளும் இருக்கின்றன. இந்த மைதானத்தின் படம் ஒன்றில் ஸ்டாண்ட் தெரிந்தால் அது பழைய படம். படிகளுக்கிடையே மரங்கள் தெரிந்தால் கிளப் மறைந்த பிறகு எடுத்தது. நடுவில் இப்போதும் பந்து உருள்கிறது.